உழைப்பின் பழஞ்சொற்கள்



ஆங்கில மொழியில் 'ஸ்விங்க்' என்று ஒரு சொல் இருந்தது. உடல் வருந்த உழைத்தல் என்பது அதன் பொருள். ஆயிரம் ஆண்டுகளுக்கு முன் இங்கிலாந்தின் உழவனும் கொல்லனும் அதை அறிந்திருந்தனர். 14ஆம் நூற்றாண்டில் வாழ்ந்த பெருங்கவிஞர் சாசர் அதைத் தாராளமாக ஆண்டிருக்கிறார். 17ஆம் நூற்றாண்டின் மில்டனுக்குப் பிறகு அச்சொல் மெல்ல மெல்ல மறைந்தது. இன்று லண்டன் மாநகரின் தெருவில் நின்று அதைச் சொன்னால், கேட்பவர் ஏதோ வேற்றுமொழி என்று எண்ணிக் கடந்து போவார்.

நம்முடைய 'உஞற்று' என்ற சொல்லுக்கும் இதே கதிதான் நேர்ந்தது. உஞற்றுதல் என்றால் இடைவிடாது முயலுதல். திருக்குறளில் இருக்கிறது, அகராதியில் இருக்கிறது, வாயில் இல்லை. 'இன்று நன்றாக உஞற்றினேன்' என்று நீங்கள் வீட்டில் போய்ச் சொன்னால், உடம்புக்கு ஏதோ ஆகிவிட்டது என்று தாய்மார் கவலைப்படக்கூடும்.

உழைப்பு ஒழியவில்லை, உழைப்பைக் குறித்த சொற்கள் மட்டும் ஏன் ஒழிகின்றன? இந்தக் கேள்வியை நானாக எழுப்பிக்கொள்ளவில்லை. சேர்வராயன் மலையில், ஏற்காட்டை அடுத்த வாழவந்தி என்ற ஊருக்குச் சென்றிருந்தபோது ஒரு மாணவி எழுப்பினாள். வாழவந்தி என்ற பெயரின் காரணத்தை ஆராய நான் புகவில்லை. ஆனால் தமிழ்ச் செவிக்கு அதில் 'வாழ வந்தவர்' என்ற ஒலி கேட்காமற் போகாது. அம்மலையில் 1820களில், சேலம் கலெக்டராக இருந்த காக்பர்ன் என்பார் காப்பிச் செடியைப் புகுத்தினார். அன்றுதொட்டு மலையின் சரிவுகளில் சாமையும் கேழ்வரகும் ஒருபுறமும், நிழல் மரங்களின் கீழே காப்பி ஒருபுறமுமாக வளர்ந்து வருகின்றன.

அந்த மாணவி கல்லூரியில் ஆங்கில இலக்கியம் பயில்பவள். தாய் காப்பித் தோட்டத்தில் பழம் பறிப்பவர். ஆங்கிலத்தில் கடின உழைப்பைக் குறிக்கும் சொற்களைத் தொகுத்து வருமாறு வகுப்பில் பணித்திருந்தார்களாம். நாற்பது சொற்களுக்கு மேல் தொகுத்து வைத்திருந்தாள். ஏட்டை என்னிடம் காட்டிவிட்டு, "ஐயா, இத்தனை சொல்லில் எங்கள் அம்மா செய்கிற வேலைக்குப் பொருந்துவது எது?" என்று கேட்டாள். நான் உடனே விடை கூறவில்லை. ஏட்டை வாங்கி ஒவ்வொன்றாகப் படித்தேன். அந்தப் படிப்பின் பயனையே இன்று உங்களோடு பகிர்ந்துகொள்கிறேன்.

முதலில் என் கண்ணில் பட்டவை துன்பச் சொற்கள். 'ட்ராவெய்ல்' என்ற சொல்லை எடுத்துக்கொள்ளுங்கள். பிரெஞ்சு மொழியில் வேலை என்பதற்கு இன்றும் இதுவே சொல். இதன் மூலம் லத்தீனில் மூன்று கழிகளை நட்டுச் செய்த ஒரு வதைக் கருவியின் பெயர். வேலை செய்வது கழியில் கட்டுண்டு வதைபடுவதற்கு ஒப்பு என்று யாரோ ஒரு காலத்தில் கருதியிருக்கிறார்கள். நீண்ட பயணமும் அக்காலத்தில் வதையாகவே இருந்தபடியால், இதே சொல் சற்றே உருமாறி 'ட்ராவல்' ஆயிற்று. நாம் மகிழ்ச்சியோடு மேற்கொள்ளும் உல்லாசப் பயணத்தின் அடியில் ஒரு வதைக்களம் கிடக்கிறது!

'டாயில்' என்ற சொல் கலக்குதல், கிளறுதல் என்ற பொருளுடைய பழம் பிரெஞ்சுச் சொல்லிலிருந்து வந்தது. அதற்கும் முன்னால் லத்தீனில், ஒலிவப் பழங்களை நசுக்கும் பொறியின் பெயர் அது. அதனோடு இணைபிரியாது வழங்கும் 'மாயில்' என்ற சொல்லுக்கு நனைதல் என்பது ஆதிப் பொருள். சேற்றிலும் ஈரத்திலும் நின்று வேலை செய்தவனுடைய சொல் அது என்று ஊகிக்கலாம்.

பழைய ஆங்கிலத்தில் 'யார்வொத்' என்று ஒலிக்கத்தக்க ஒரு சொல் உண்டு. இடுக்கண், இன்னல் என்பது பொருள். அது ஆங்கிலத்தில் இறந்தொழிந்தது. ஆனால் அதன் உடன்பிறப்பு ஜெர்மன் மொழியில் 'ஆர்பைட்' என்று உயிரோடிருக்கிறது. அங்கே அதற்கு வேலை என்று பொருள். ஒரே சொல் ஒரு நாட்டில் துன்பமாகவும் மறு நாட்டில் தொழிலாகவும் நின்றது.

தமிழ் இதற்கு விலக்கன்று. 'பாடு' என்றால் துன்பம். பாடுபடுதல் என்றால் உழைத்தல். 'உழத்தல்' என்ற சொல்லுக்கு வருந்துதல், முயலுதல் என்ற இரு பொருளும் உண்டு. உழு, உழவு, உழை, உழைப்பு, உழல் என்று அடுக்கிப் பார்த்தால், ஏர் முனையிலிருந்து துயர் முனைவரை ஒரே ஓசை ஓடுவதைக் காணலாம். உழைப்பவன் மொழியைப் படைத்தபோது தன் முதுகு வலியையும் சேர்த்தே படைத்தான் போலும்.

இங்கே ஒரு நூலைச் சொல்லாமல் மேலே போக எனக்கு மனமில்லை. ஏறத்தாழ 1000ஆம் ஆண்டளவில் ஏல்ஃப்ரிக் என்ற துறவி, மடத்துப் பள்ளிச் சிறுவர்களுக்கு லத்தீன் மொழி கற்பிப்பதற்காக ஓர் உரையாடல் நூல் எழுதினார். அதன் ஒரு பிரதியில், லத்தீன் வரிகளுக்கு மேலே பழைய ஆங்கிலத்தில் சொற்பொருள் எழுதப்பட்டிருக்கிறது. ஆசிரியர் வினவ, மாணவர்கள் ஆளுக்கொரு தொழிலாளியின் வேடம் பூண்டு விடை கூறுவார்கள். ஒருவன் உழவன், ஒருவன் இடையன், ஒருவன் மீன் பிடிப்பவன், ஒருவன் வணிகன். நாடகம் போன்ற பாடம்.

உழவனாக நடிப்பவன் கூறுவதைக் கேளுங்கள். விடியற்காலையில் எருதுகளை ஓட்டிக்கொண்டு வயலுக்குப் போகிறானாம். எத்தனை கொடிய குளிர்காலமாயினும் வீட்டில் பதுங்கியிருக்க முடியாது. எஜமானனிடத்தில் அவ்வளவு அச்சம். நாளொன்றுக்கு ஓர் ஏக்கரோ அதற்கு மேலோ உழுது முடித்தாக வேண்டும். தாற்றுக்கோல் பிடித்து எருதை ஓட்டும் சிறுவனுக்குக் குளிராலும் கூச்சலாலும் தொண்டை கட்டிப் போயிருக்கிறது. மாலையில் எருதுக்கு வைக்கோல் இட்டு, நீர் காட்டி, சாணத்தை அள்ளிப் போட வேண்டும். 'இது மிகப் பெரிய உழைப்பல்லவா?' என்று ஆசிரியர் கேட்கிறார். ஆம் என்று ஒப்புக்கொண்டு, அதற்கு ஒரு காரணமும் சொல்கிறான் உழவன். குளிரையோ மண்ணின் கடினத்தையோ அவன் காரணமாகக் கூறவில்லை. தான் சுதந்திர மனிதன் அல்லன் என்கிறான். அவ்விடத்தில் உழைப்பைக் குறிக்க வரும் பழைய ஆங்கிலச் சொல் 'யெடெயோர்ஃப்'. அதுவும் இன்று மாண்டுபோன சொல்.

இலக்கணப் பாடத்துக்காக எழுதிய நூலில், பள்ளிச் சிறுவன் வாயில், இப்படியொரு வாக்கை வைத்தாரே அத்துறவி! அரசர்களின் போர்களைப் பாடிய ஏடுகள் பல உண்டு. ஆயிரம் ஆண்டுகளுக்கு முன் ஓர் அடிமை உழவனின் காலை நேரத்தை நமக்குக் காட்டும் ஏடு மிக அரிது. அந்நூலின் பிற்பகுதியில் எத்தொழில் சிறந்தது என்ற வாதம் எழும்போது, எல்லோருக்கும் உணவளிப்பதால் உழவே தலையானது என்ற கட்சி வெல்கிறது. நம் திருவள்ளுவர் 'உழவு' என்று ஓர் அதிகாரத்தையே வகுத்ததை நீங்கள் நினைவுகூரலாம்.

இனி, துன்பத்தை விட்டு விருப்பத்துக்கு வருகிறேன். மாணவியின் ஏட்டில் இருந்த நாற்பது சொல்லும் வதைச் சொற்கள் அல்ல. பழைய ஆங்கிலத்தில் ஊக்கத்தைக் குறித்த முதன்மையான சொல் 'யோர்ன்' என்பது. 'யோர்ன்ஃபுல்' என்றால் ஊக்கமுடையவன். அச்சொல்லின் வழித்தோன்றலாக இன்று நிற்பது 'யேர்ன்' என்ற வினை. ஏங்குதல், ஆசைப்படுதல் என்று அதற்குப் பொருள். ஆகவே அம்மக்களுக்கு ஊக்கம் என்பது ஒருவகை வேட்கை. எதை விரும்புகிறோமோ அதில் முனைகிறோம்.

'டிலிஜென்ஸ்' என்ற சொல் இதைவிடச் சுவையானது. நம் பள்ளிகளில் நற்சான்றிதழ் எழுதும்போதெல்லாம் இடம்பெற்று, தேய்ந்து, சலித்துப்போன சொல் இது. பிரான்சு தேசத்தில் விரைவாக ஓடிய குதிரை வண்டிக்குக்கூட ஒரு காலத்தில் இப்பெயர் இருந்தது. இதன் மூலமான லத்தீன் வினைக்கு அன்பு செலுத்துதல், அருமையாக மதித்தல் என்று பொருள். அந்த வினையையும் பிரித்துப் பார்த்தால், உள்ளே 'லெகெரே' என்ற வேர் இருக்கிறது. லெகெரே என்றால் பறித்தல், பொறுக்குதல், தேர்ந்தெடுத்தல். பலவற்றுள் ஒன்றைத் தனியே பொறுக்கி எடுக்கிறோம். பொறுக்கி எடுத்ததை அருமையாக மதிக்கிறோம். மதிப்பதனால் அதன்பால் கவனம் செலுத்துகிறோம். சொல் நடந்து வந்த வழி இது. இன்னுமொன்று: இதே லெகெரே என்ற வேருக்கு லத்தீனில் படித்தல் என்ற பொருளும் உண்டு. கண்ணால் எழுத்துக்களைப் பொறுக்குவதுதானே படிப்பு!

இந்த இடத்துக்கு வந்ததும் ஏட்டை மூடிவிட்டு, காப்பிப் பழம் எப்படிப் பறிக்கிறார்கள் என்று அந்தப் பெண்ணிடமே கேட்டேன். விவரமாகச் சொன்னாள்.

காப்பிப் பழங்கள் ஒரே நாளில் பழுப்பதில்லை. ஒரே கிளையில், ஒரே கொத்தில், செக்கச் சிவந்த பழமும் மஞ்சள் பாரித்த காயும் பச்சைக் காயும் அடுத்தடுத்து நிற்கும். சிவந்ததை மட்டும் எடுக்க வேண்டும். கொத்தோடு உருவினால் பச்சைக் காயும் கலந்து காப்பியின் சுவை கெடும். அடுத்த ஆண்டுக்குரிய மொட்டு வரும் கணுவும் காயப்படும். ஆகவே நவம்பர் முதல் இரண்டு மூன்று மாதங்கள் வரையில் ஒரே செடிக்குப் பலமுறை திரும்பத் திரும்ப வர வேண்டும். இடுப்பில் பை, சரிவில் கால், கண் கிளையில், விரல் பழத்தில். பனி பெய்யும் காலை வேளையில் இலையெல்லாம் நீர் சொட்டும். பறித்த பழத்தை அன்றைக்கே தோலுரித்தாக வேண்டும். பின்பு புளிக்க வைத்துக் கழுவிக் களத்தில் காயப்போட வேண்டும். களத்தில் காயும்போதும் ஆள் அருகிலேயே இருந்து புரட்டிக் கொடுக்க வேண்டும். மேகம் கறுத்தால் மூட வேண்டும். 'அஸிடியுவஸ்' என்றொரு சொல்லும் அவள் ஏட்டில் இருந்தது. அருகே அமர்ந்திருத்தல் என்பதே அதன் மூலப்பொருள்.

"உன் தாய் செய்கிற வேலைக்கு 'டிலிஜென்ஸ்' என்ற சொல்லே பொருந்தும், அம்மா! உவமையாக அன்று, வேர்ப்பொருளிலேயே பொருந்தும்" என்றேன். பச்சையை விட்டுச் சிவப்பைப் பொறுக்கும் விரலுக்கு இதைவிட நேரான சொல் எந்த மொழியில் இருக்கிறது?

இருக்கிறது, தமிழிலேயே இருக்கிறது என்று பின்னர் எனக்குத் தோன்றிற்று. நம் வீடுகளில் கீரை ஆய்கிறார்கள். பழுத்த இலையையும் பூச்சி அரித்ததையும் நீக்கி, நல்லதை மட்டும் கிள்ளி எடுப்பதற்கு ஆய்தல் என்று பெயர். மலர் கொய்வதையும் ஆய்தல் என்று பழந்தமிழ் கூறும். பல்கலைக்கழகத்தில் அமர்ந்து பட்டத்துக்காகச் செய்வது ஆய்வு. இன்னும் விரிந்தால் ஆராய்ச்சி. முறத்தின் முன் அமர்ந்த பாட்டியும், நூலகத்தில் அமர்ந்த பேராசிரியரும் ஒரே வினைச்சொல்லைப் பங்கிட்டுக்கொண்டிருக்கிறார்கள். லத்தீனும் தமிழும் தம்முள் உறவில்லாத மொழிகள். எனினும் பொறுக்கும் விரலும் படிக்கும் கண்ணும் ஒரே தொழிலைச் செய்கின்றன என்பதை இரண்டும் தனித்தனியே கண்டுகொண்டன.

சொற்கள் குணத்திலிருந்து தொழிலுக்கும் இடம் பெயர்வதுண்டு. 'இண்டஸ்ட்ரி' என்ற ஆங்கிலச் சொல் நெடுங்காலம் ஒரு மனிதனுடைய சுறுசுறுப்பைக் குறித்து வந்தது. 18ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியிலிருந்து அது ஆலைகளையும் உற்பத்தித் தொழிலையும் குறிக்கலாயிற்று. இன்று அச்சொல்லைக் கேட்டவுடன் புகைபோக்கிதான் நினைவுக்கு வருகிறது. மனிதன் நினைவுக்கு வருவதில்லை. தமிழில் 'வேளாண்மை' என்ற சொல் திருக்குறளில் பிறர்க்கு உதவும் பண்பைக் குறிக்கிறது. பின்னர் அது பயிர்த்தொழிலின் பெயராயிற்று. ஒரு சொல் ஆலைக்குப் போயிற்று. ஒரு சொல் வயலுக்குப் போயிற்று.

திருக்குறளைப் பற்றிச் சொல்லும்போது ஜி. யு. போப் அவர்களை விட்டுவிட இயலாது. 1839இல் சென்னைக்கு வந்து, தமிழகத்தில் பல ஊர்களில் பணியாற்றி, 1886இல் திருக்குறளை ஆங்கிலச் செய்யுளாக வெளியிட்டார். ஊக்கமுடைமை, மடியின்மை, ஆள்வினையுடைமை என்று அடுத்தடுத்து மூன்று அதிகாரங்கள் உண்டல்லவா? முதலாவது மனத்தின் கிளர்ச்சி, மூன்றாவது உடம்பின் இடைவிடாத முயற்சி என்று உரையாசிரியர் வேறுபாடு காட்டுவர். நடுவிலுள்ள 'மடியின்மை'க்கு ஆங்கிலத்தில் நேர்ச்சொல் இல்லை. போப் தயங்கவில்லை, 'அன்ஸ்லக்கிஷ்னெஸ்' என்று தலைப்பிட்டார். ஆங்கிலேயர் நாவிலேயே எளிதில் புரளாத சொல்! அதன் நடுவிலுள்ள 'ஸ்லக்' என்பதற்கு இன்று ஓடில்லாத நத்தை என்று பொருள். ஆனால் நத்தையைப் பார்த்துச் சோம்பேறிக்குப் பெயர் வைக்கவில்லை. சோம்பேறிக்கு ஏற்கெனவே இருந்த பெயரைத்தான் பின்னாளில் அப்பாவி நத்தைக்குச் சூட்டினார்கள்.

'ஆள்வினை' என்பதை மொழிபெயர்க்கையில் போப் ஆடவர்க்குரிய முயற்சி என்ற பொருள்படும் தொடரை அமைத்தார். இதில் எனக்கு உடன்பாடில்லை. ஆள் என்ற வேருக்கு ஆளுதல், கையாளுதல், தன் வசப்படுத்துதல் என்று பொருள். தாளாண்மை என்றால் முயற்சியைத் தன் வசத்தில் வைத்திருத்தல். உங்கள் பள்ளிகள் பலவற்றின் வாயிற்பலகையில் 'தாளாளர்' என்று எழுதியிருப்பதைக் கண்டிருப்பீர்கள். தாள் என்பதைக் காகிதம் என்று கொண்டு, கணக்குத் தாள்களை ஆள்பவர் என்று பொருள் செய்த மாணவரை நான் அறிவேன், பொருத்தமாகத்தான் இருக்கிறது! ஆனால் தாள் என்பதற்கு முயற்சி என்றும் ஒரு பொருள் உண்டு. சேர்வராயன் மலையின் பழங்குடி மக்களை மலையாளி என்கிறோமே, அப்பெயரிலும் இந்த ஆள் ஒலிக்கிறது: மலையை ஆள்பவர். காப்பித் தோட்டத்தில் பழம் பறிக்கும் கைகளோ பெரும்பாலும் பெண்களுடைய கைகள்.

இதே 'ஆள்' தோட்டக் கணக்கில் எப்படி வருகிறது? 'இன்று எத்தனை ஆள்?' என்று கேட்பார்கள். இருபது ஆள், முப்பது ஆள் என்று எண்ணுவார்கள். ஆளுகிறவரைக் குறித்த சொல் ஆளப்படுகிறவரின் எண்ணிக்கையாகச் சுருங்கிவிட்டது.

உழைப்பைப் புகழும் சொல் யார் கையில் இருக்கிறதோ, அவரிடமே சோம்பேறி என்று இகழும் சொல்லும் இருக்கும். தோட்ட முதலாளிகள் ஆசிய நாடுகளெங்கும் ஒரே குற்றச்சாட்டை எழுதிவைத்தார்கள்: இந்நாட்டு மக்கள் சோம்பேறிகள் என்று. சையத் ஹுசைன் அலத்தாஸ் என்ற மலேசிய அறிஞர் 1977இல் இதைப் பற்றி ஒரு நூலே வெளியிட்டார். மலாய், ஜாவா, பிலிப்பைன்ஸ் மக்களைப் பற்றிய இந்த வசை எப்படி எழுந்தது என்று அதில் ஆராய்ந்தார். தம் சொந்த நிலத்தில் நெல் விளைவித்தும் மீன் பிடித்தும் வாழ்ந்த மலாய் மக்கள், தோட்டத்துக் கூலிக்கு வர மறுத்தார்கள். மறுத்ததற்குச் சோம்பல் என்று பெயர் வைக்கப்பட்டது. அவர்கள் வராத இடத்துக்கு நம் தமிழ் மக்களைக் கங்காணிகள் மூலம் கடனில் பிணைத்துக் கப்பலேற்றினார்கள். அவர்களுடைய உழைப்பைக் கண்டு 'உழைப்பாளிகள்' என்று மதிப்பளித்தார்களோ எனில், அதுவுமில்லை. 'கூலி' என்ற ஒரே சொல்லால் முடித்துவிட்டார்கள். ஏல்ஃப்ரிக்கின் உழவன் சொன்ன காரணத்தை இங்கே மறுபடியும் எண்ணிப் பார்க்கலாம்.

சுதந்திர இந்தியாவில் 1951இல் தோட்டத் தொழிலாளர் சட்டம் இயற்றப்பட்டது. தேயிலை, காப்பி, ரப்பர், சிங்கோனா தோட்டங்களில் வேலை செய்வோருக்குக் குடியிருப்பு, மருத்துவம், வேலை நேர வரம்பு முதலியவற்றை அது வகுத்தது. ஏட்டளவிலேனும் கூலி என்ற சொல் போய்த் தொழிலாளர் என்ற சொல் வந்தது. சட்டம் தந்த வசதிகள் எல்லாத் தோட்டத்துக்கும் ஒரே வேகத்தில் வந்து சேர்ந்தன என்று நான் சொல்லமாட்டேன்.

பழைய சொற்கள் அழியாது காக்கப்பட்டதற்கும் ஒருவகை உழைப்பே காரணம். ஆக்ஸ்ஃபோர்டு ஆங்கிலப் பேரகராதியின் முதற்பகுதி 1884இல் வெளிவந்தது. கடைசிப் பகுதி 1928இல்தான் வந்தது. அதன் ஆசிரியர் ஜேம்ஸ் மர்ரி இடையில் 1915இலேயே காலமானார். சென்னைப் பல்கலைக்கழகத்தின் தமிழ்ப் பேரகராதி 1924 முதல் 1936 வரை ஆறு தொகுதிகளாக வெளிவந்தது. 1939இல் அநுபந்தமும் சேர்ந்தது. ஒரு லட்சத்துக்கு மேற்பட்ட சொற்கள். ஒவ்வொன்றையும் சீட்டில் எழுதி, ஆய்ந்து, பொறுக்கி அடுக்கினார்கள். உஞற்று என்ற சொல் இன்று நமக்குக் கிடைப்பது அந்தச் சீட்டுகளால்தான்.

நேரம் நெருங்குகிறது. அந்த மாணவியின் ஏட்டில் கடைசியாக இருந்த ஒரு சொல்லைப் பற்றி மட்டும் கூறிவிடுகிறேன். 'ஏர்ன்', அதாவது சம்பாதித்தல். பழைய ஜெர்மானிய மொழிகளில் இதன் வேர் அறுவடை வேலையைக் குறித்தது. அறுவடை என்பதற்கு ஜெர்மன் மொழியில் வழங்கும் 'எர்ன்ட்டெ' என்ற சொல் இதன் உறவினம். கதிர் அறுத்தவனுக்குக் களத்தில் அளந்து கொடுத்ததே முதற் சம்பாத்தியம். இதை அவள் தன் தாய்க்கு விளக்கிச் சொன்னாள். தாய் பொறுமையாகக் கேட்டுக்கொண்டிருந்தார். பிறகு, "இதுக்காக இவ்வளவு தூரம் மலையேறி மெனக்கெட்டு வந்தீங்களா?" என்று என்னைப் பார்த்துக் கேட்டார்.

மெனக்கெடுதல்! இச்சொல்லை எந்த நற்சான்றிதழிலும் எழுதமாட்டார்கள். வினை கெடுதல் என்பதே பேச்சில் இவ்வாறு திரிந்தது. தன் சொந்த வேலை கெட்டாலும் சரியென்று வேறொன்றுக்காகப் பாடுபடுதல் என்பது அதன் பொருள். மாணவியின் நாற்பது சொற்களில் எதைக் கொண்டு இதை ஆங்கிலமாக்குவது என்று அவளும் நானும் வெகுநேரம் தேடினோம், அகப்படவில்லை.